நாள் முழுதும் நடப்பவருக்கு நடைப்பயிற்சி எதற்கு?

நம் அறப்பணி வாரியத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயலாளர் கேட்டபோது, திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் உடம்பைப் பேணுவது பற்றித் திருமூலர் கூறியிருப்பதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டேன். நம் ஆலய மண்டபத்தில் நடந்த இலவச இரத்தப் பரிசோதனை முகாமில் ஓர் அம்மையார் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் காரணம்.

அன்று நான் பதிவு மேசையில் அமர்ந்திருந்தேன். அந்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். தாதி எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, "என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்டார். சர்க்கரை அளவு மிகவும் கூடியிருந்தது. ஆசிரியர் தொழிலை விட்டாலும் அந்தப் புத்தி விடுவதில்லை. உடனே அறிவுரையைத் தொடங்கிவிட்டேன். "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா. நடந்தால் சர்க்கரை இறங்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். "சார், நான் ஸ்கூல்ல துப்புரவு வேலை செய்யறேன். மூணு மாடி. காலையில ஆறரைக்குத் தொடப்பத்தைத் தொட்டா மூணு மணி வரைக்கும் நடைதான். அப்புறம் சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவறேன். இன்னும் நடக்கச் சொல்றீங்களா? நடந்தா சக்கரை போகும்னா, எனக்கு எப்படி சார் வந்துச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு முகாமுக்கு வந்திருந்த மருத்துவரிடம் கேட்டேன். படித்தேன். நம் பகுதியில் வேலை செய்யும் பலரிடம் அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். அவற்றையெல்லாம் சேர்த்து அந்த அம்மையாருக்குச் சொல்லும் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய எண்ணத்தில் நியாயம் உண்டு. அறிவியல் உலகமும் ஒரு காலத்தில் அவர் பக்கமே இருந்தது. 1953ஆம் ஆண்டு ஜெரி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் இலண்டன் மாநகர பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். இரட்டை மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மேலும் கீழும் படியேறி இறங்கிக் கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே ஊர். ஆனால் மாரடைப்பு நோய் கண்டக்டர்களைவிட ஓட்டுநர்களிடம் அதிகமாக இருந்தது. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கும் என்று உலகம் நம்பத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். பால்மரம் வெட்டியவருக்கும் செம்பனைக் குலை அறுத்தவருக்கும் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று நாமெல்லாம் நினைத்ததும் அந்தக் கணக்கில்தான்.

பிற்காலத்தில் வந்த ஆய்வுகள் வேறு மாதிரி பேசின. 2018ஆம் ஆண்டு பல நாடுகளின் 17 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் அடங்கியவர்கள் ஏறக்குறைய 194,000 பேர். வேலையில் கடுமையாக உடலை வருத்தும் ஆண்கள், அப்படி வருத்தாத ஆண்களைவிட முன்கூட்டியே இறக்கும் அபாயம் 18 விழுக்காடு அதிகம் என்று அதில் தெரிந்தது. பெண்களிடம் அந்த வேறுபாடு அவ்வாறு தெளிவாகக் காணப்படவில்லை. டென்மார்க் நாட்டில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது. வேலையில் செய்யும் உழைப்போ அந்தப் பலனைத் தருவதில்லை, சில வேளை கெடுதலும் செய்கிறது என்பது அவர்கள் கருத்து.

எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 2021ஆம் ஆண்டு நார்வேயிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு, புகைபிடித்தல், கல்வி, வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் உழைக்கும் ஆண்களுக்கு ஆயுள் குறையவில்லை என்கிறது. கடும் உழைப்பாளி பெரும்பாலும் ஏழையாகவும் இருக்கிறார். எது உழைப்பால் வந்தது, எது வறுமையால் வந்தது என்று பிரிப்பது எளிதன்று. ஆனாலும் வேலை வேறு, பயிற்சி வேறு என்பது மட்டும் தெளிவு. மருத்துவர் அதை எனக்கு விளக்கிய விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

பயிற்சி என்றால் இதயத் துடிப்பு ஓர் இருபது, முப்பது நிமிடம் நன்றாகக் கூடும். மூச்சு வாங்கும். பிறகு ஓய்வு. அந்த ஓய்வில்தான் இதயமும் தசையும் தங்களைச் செப்பனிட்டுக் கொள்கின்றன. சில மாதம் இப்படிச் செய்தால் சும்மா இருக்கும்போது இதயம் குறைந்த துடிப்பிலேயே தன் வேலையை முடித்துவிடும். கூலி வேலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. துடிப்பு கொஞ்சமே கூடுகிறது. ஆனால் எட்டு மணி, பத்து மணி நேரம் கூடியபடியே நிற்கிறது. இதயத்தை வலுவாக்கும் அளவுக்கு ஏறுவதுமில்லை, ஓய்வு கொள்ளும் அளவுக்கு இறங்குவதுமில்லை. பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் எகிறுகிறது. அதே தோள், அதே இடுப்பு, அதே முழங்கால் நாள்தோறும் தேய்கின்றன. களைத்தால் நிறுத்திக்கொள்ளும் உரிமையும் தொழிலாளியிடம் இல்லை. அது கங்காணி கையிலோ சூப்பர்வைசர் கையிலோ இருக்கிறது.

துப்புரவு செய்யும் அம்மையார் நாளில் எத்தனையோ ஆயிரம் அடி வைக்கிறார். ஆனால் எப்படி? ஐந்து அடி வைத்து நிற்கிறார், குனிகிறார், துடைக்கிறார், மீண்டும் நான்கு அடி. வேகமாக நடந்தால் ஒரு பக்கத்தில் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் பயனுள்ள நடையின் அளவு என்றார் மருத்துவர். ஆலயத்தில் வைத்துச் சொன்னதால், "தேவாரம் பாட வந்தால் உங்கள் நடை போதாது என்று அர்த்தம்" என்றும் சேர்த்துக் கொண்டார். அத்தகைய நடை வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு நடை மட்டும் காரணமன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பரம்பரை, உணவு, தூக்கக் குறைவு, இரவு வேலை, மனக்கவலை எல்லாம் சேர்ந்ததுதான். நம் இனத்தவருக்கு உடல் எடை பெரிதாகக் கூடாமலேயே இந்நோய் வந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று சொல்லலாம். அடுத்த முறை அன்னதானப் பந்தியில் உட்காரும்போது இருபுறமும் ஒரு முறை பாருங்கள்.

இனி, நம் மக்கள் ஏன் நடப்பதில்லை, ஏன் விளையாடுவதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். "சோம்பல்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுவோர் உண்டு. நானும் அப்படிச் சொல்லியவன்தான். விசாரித்துப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலமூடா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா பால்மரம் வெட்டினார். விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். நாளொன்றுக்கு 500, 600 மரம். கீழ்ப்பட்டைக்குக் குனிய வேண்டும், மேல்பட்டைக்கு அண்ணாந்து கையைத் தூக்க வேண்டும். வெட்டி முடித்துப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுப்பார். கடும் வேலைதான். ஆனால் பகல் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு வீடு திரும்பிவிடுவார். சாப்பிட்டுத் தூங்குவார். நான்கரை மணிக்கு எழுந்தால் மாலை முழுவதும் அவருடையது. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் திடல். காற்பந்து, சடுகுடு, பூப்பந்து என்று ஏதாவது ஒன்று நடந்து கொண்டேயிருக்கும். ஆடாதவர்கள் கோவிலடியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை நினைவுக்கு வருகிறது. கள்ளுக்கடை முன் மறியல் செய்தவர்கள் அவர்கள். தோட்டத்து இளைஞர்கள் வரிசை பிடித்து அணிவகுப்புப் பயிற்சியும் செய்தார்கள். பகலில் மரம் வெட்டிய அதே கால்கள் மாலையில் அணிவகுத்து நடந்தன. அதற்கு நேரம் இருந்தது, இடம் இருந்தது, சேர்ந்து செய்ய ஆள் இருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. சம்பளம் குறைவு, வீடு ஒழுகும், பலர் அறுபதைப் பார்க்காமலே போனார்கள். திடலும் ஆண்களுக்கு மட்டும்தான். அம்மாவும் அப்பாவோடு மரம் வெட்டினார். ஆனால் வீடு திரும்பியதும் அவருக்கு அடுப்பு, துணி, பிள்ளைகள், விறகு. என் அம்மா ஓடியதையோ விளையாடியதையோ நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி அந்நாளில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் தாமான்கள் எழுந்தன. சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சுற்றுவட்டாரங்களில் இன்று குடியிருப்பாக இருக்கும் பல இடங்கள் ஒரு காலத்தில் நிரையாக இருந்தவையே. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். இடைவயதில் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் காவலாளி, துப்புரவாளர், லாரி உதவியாளர், கடைப்பணியாளர் ஆனார்கள். தோட்டத்தோடு திடலும் போயிற்று என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் என் எண்ணத்தில் திடலைவிடப் பெரிய இழப்பு, பகல் ஒன்றரை மணிக்கு வீடு திரும்பிய அந்த வழக்கம்.

நம் ஆலயத்துக்கு வழக்கமாக வரும் காவலாளி ஒருவரின் நாளைச் சொல்கிறேன். வேலை காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை. மோட்டார் சைக்கிளில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஆக, பதின்மூன்றரை மணி நேரம் போய்விட்டது. மீதம் பத்தரை மணி. தூங்க ஏழு மணி என்றால் எஞ்சுவது மூன்றரை மணி. அதில் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், படுத்த படுக்கையாக இருக்கும் தாயைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மாதம் 26 நாள். கூட்டிப் பாருங்கள், 312 மணி நேரம் வருகிறது. 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரம் வரை அனுமதி உண்டு. அந்த ஓவர்டைம் இல்லாமல் அவருக்குக் குடும்பம் ஓடாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பள்ளிப் பஸ் கட்டணம் எல்லாம் கழிந்த பின் அதில் என்ன நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

"நேரத்தை ஒதுக்குங்கள்" என்று சொல்வது எளிது. அவரிடம் ஒதுக்க இருப்பது தூக்கம் ஒன்றுதான். தூக்கம் குறைந்தால் சர்க்கரை கூடும்.

இன்னொரு சிக்கல் நம் கெடா மாநிலத்துக்கே உரியது. இங்கே பள்ளியும் அரசாங்க அலுவலகமும் வெள்ளி, சனி விடுமுறை. பாலம் தாண்டிப் பினாங்கில் சனி, ஞாயிறு. சுங்கைப் பட்டாணியிலிருந்து பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறிப் போகும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்றால், அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி. பிள்ளைகளுக்கு ஓய்வான வெள்ளியன்று தாய் வேலையில். முறை வேலை என்றால் அதுவும் நிலையில்லை. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. குடும்பத்தோடு சேர்ந்து குனோங் ஜெராய் அடிவாரத்துக்குப் போய் நடக்கலாம் என்று ஓர் ஆரோக்கியத் துண்டறிக்கையில் படித்தேன். எந்தக் கிழமையில் போவது என்பதை அது சொல்லவில்லை.

இனி இடம். தாமானில் திடல் இருக்கிறது என்பார்கள். பல இடங்களில் விளக்கில்லை, நடைபாதையில்லை, தெருநாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். நடப்பவர் சாலையோரம்தான் நடக்க வேண்டும். பின்னால் லாரி வரும். பெண்களைக் கேட்டால் எல்லாரும் சொன்ன ஒரே காரணம் பயம். மோட்டாரில் வந்து கைப்பையைப் பறித்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றிய பயம். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பதற்கும் மனம் ஒப்பாது. காலையில் நடக்கலாம் என்றால் தொழிற்சாலை பஸ் ஐந்தரைக்கே வந்துவிடும். பகலில் ஜனவரி முதல் மார்ச் வரை நம் வட பகுதி வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பயத்தோடு வெட்கமும் சேர்ந்து கொள்கிறது. "சுடிதார் போட்டுக்கிட்டு வேகவேகமா நடந்தா, வீட்டுல வேலை இல்லையான்னு கேக்கறாங்க சார்" என்றார் ஓர் அம்மா. கேட்பவர்களும் பெண்கள்தான். பணக்காரர் ஓடினால் உடற்பயிற்சி. துப்புரவு செய்பவர் ஓடினால் எங்கேயோ ஏதோ அவசரம் என்று நினைக்கிறார்கள். காலணியும் ஒரு தடைதான். ஜப்பான் சிலிப்பரோடு அரை மணி நேரம் வேகமாக நடக்க முடியாது. வேலைக்கு ஒரு காலணி, கோவிலுக்கு ஒரு செருப்பு இருக்கும் வீட்டில், நடப்பதற்கென்று மூன்றாவது ஒன்று வாங்க யாருக்கு மனம் வரும்? முழங்கால் வலியைப் பற்றியும் பலர் சொன்னார்கள். செம்பனைத் தோட்டத்தில் மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து பல ஆண்டுகள் மருந்தடித்த பெண்மணி ஒருவர், "எனக்கு நடக்கப் பயமில்ல சார், நடந்துட்டுத் திரும்பி வரத்தான் பயம்" என்றார்.

இத்தனை தடைகளையும் நாம் அறிவுரையால் நீக்கிவிட முடியாது. ஊதியமும் வேலை நேரமும் நம் ஆலயச் செயற்குழுவின் கையில் இல்லை. ஆனால் இருக்கும் நிலையிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் முந்தைய வழிகாட்டி, ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் அது பயிற்சிக் கணக்கில் சேரும் என்று சொல்லி வந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று சேர்த்தாலும் கணக்குத்தான். இது நம் மக்களுக்குப் பெரிய ஆறுதல்.

மேற்சொன்ன காவலாளிக்கு அது பொருந்தியது. நாள் முழுதும் கொட்டகையில் உட்கார்ந்தே இருப்பவர் அவர். இப்போது மணிக்கொரு தரம் வேலியைச் சுற்றி ஐந்து நிமிடம் விரைந்து நடக்கிறார். வேலிச் சுற்று அவருடைய கடமையிலேயே இருப்பதால் முதலாளியும் ஒன்றும் சொல்வதில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடக்கிறார். சாப்பிட்ட பின் நடக்கும் நடை இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. தே தாரேயில் பாலை விட்டுத் தே ஓ கோசோங் குடிக்கவும் பழகிவிட்டார். இதில் எனக்குத்தான் வெற்றி குறைவு. நான் இன்னும் பழகவில்லை.

நாள் முழுதும் பாரம் தூக்குகிறவருக்கு இதே யோசனையைச் சொல்லக்கூடாது. அவருக்கு முதலில் தேவை ஓய்வும், காலைத் தூக்கி வைத்துப் படுக்கும் ஒரு பதினைந்து நிமிடமும், இடுப்பையும் தோளையும் நீட்டி மடக்கும் எளிய அசைவுகளும். அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்கும்படியான நடை அல்லது சைக்கிள். நின்றுகொண்டே வேலை செய்யும் தொழிற்சாலைப் பெண்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். கெண்டைக்காலில் இரத்தம் தேங்காது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். நாற்பது வயதைத் தாண்டி அரசு உதவித் தொகை பெறுகிறவர்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பெர்கேசோவும் தன் சந்தாதாரர்களில் நாற்பது வயதானவர்களுக்குப் பரிசோதனைத் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. கடிதம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

ஆலயத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. நீரிழிவு உள்ளவர்கள் நண்பகலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்ற வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதே தெரியாது. கொப்புளம் புண்ணாகி விரலை எடுக்கும் நிலை வரை போகும். காலையிலோ அந்தி சாய்ந்தோ சுற்றுங்கள், அம்பாள் கோபிக்க மாட்டாள். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். மலைக்கோவிலுக்கு 513 படி. ஆண்டு முழுதும் ஒரு மாடிகூட ஏறாத உடம்பை அன்று ஒரே நாளில் காவடியோடு ஏற்றினால் இதயம் என்ன செய்யும்? விரதம் 48 நாள் இருக்கிறோம். அதே 48 நாளில் தினம் கொஞ்சம் படியேறிப் பழகிக்கொள்ளலாமே.

இனி நம் ஆலய விஷயம். இதை எழுத எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் இளைஞர்கள் சிலர் ஆலயத்தின் பின்திடலில் மாலை வேளையில் பூப்பந்து ஆட அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள். செயற்குழுக் கூட்டத்தில், "ஆலயம் விளையாட்டுத் திடலன்று" என்று முதலில் எழுந்து பேசியவன் நான்தான். சத்தம் வரும், செருப்போடு நுழைவார்கள், பூசைக்கு இடையூறு என்றெல்லாம் அடுக்கினேன். கடிதம் நிராகரிக்கப்பட்டது. அந்த இளைஞர்களில் இருவர் இப்போது திருவிழாவுக்கு மட்டுமே வருகிறார்கள்.

முகாமில் அந்த அம்மையார் கேட்ட கேள்விக்குப் பிறகு, பெண்களுக்கு அச்சமில்லாமல் நடக்க இந்த வட்டாரத்தில் எந்த இடம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சுற்றுச்சுவர் உள்ள இடம், விளக்குள்ள இடம், வாசலில் ஆள் இருக்கும் இடம், "கோவிலுக்குப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் யாரும் மறு பேச்சுப் பேசாத இடம் ஒன்றே ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் நானே தீர்மானம் கொண்டு வந்தேன். முன்பு நான் சொன்ன காரணங்களையே மற்றவர்கள் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். கேட்டுக் கொண்டேன். பின்திடல் பிரகாரத்துக்கு வெளியே இருப்பதால் காலணி அணியலாம் என்று குருக்கள் சொன்னார். அதோடு பாதி வாதம் முடிந்தது.

இப்போது திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஆறரை முதல் எட்டரை வரை பின்திடல் விளக்கு எரிகிறது. திடலைச் சுற்றி ஒரு சுற்று 140 மீட்டர். பள்ளி மாணவர்களைக் கொண்டு அளந்தோம். ஏழு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை பூசைக் கூட்டம் இருப்பதால் நடை இல்லை. நல்ல நிலையில் உள்ள பழைய காலணிகளைப் பக்தர்கள் கொடுத்தால், அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அளவு ஐந்து, ஆறு அதிகம் தேவைப்படுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மண்டபத்தில் இரண்டு பேர் மாறி மாறி இருக்கிறார்கள். பழைய தோட்டத்து ஆயாக்கொட்டகை போலத்தான். இளைஞர்களுக்கும் சனிக்கிழமை மாலை பூப்பந்து வலை கட்ட அனுமதி கொடுத்தாயிற்று. இன்னும் யாரும் வலையோடு வரவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அந்தத் துப்புரவு அம்மையார் இரண்டு வாரம் வந்தார். முதல் நாள் மூன்று சுற்று, இரண்டாம் வாரம் எட்டுச் சுற்று. "வேலையில நடக்கறப்ப கால் வலிக்குது சார், இங்க நடக்கறப்ப மூச்சு வாங்குது" என்றார். மருத்துவர் அரை மணி நேரம் எனக்கு விளக்கியதை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார். பிறகு அவரைக் காணோம். விசாரித்ததில், சாப்பாட்டுக் கடையில் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். எட்டே முக்காலுக்குத்தான் விடுகிறார்களாம். விளக்கை இரவு பத்து மணி வரை நீட்டிக்கச் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்று பொருளாளர் கணக்கெடுத்துக் கொண்டிருக்கிறார். வாசலில் அந்த நேரத்துக்கு யார் உட்காருவது என்பதும் முடிவாக வேண்டும். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கூட்டம் தைப்பூசம் முடிந்த மறு வாரம்.